சம்மர்சிபிள் அண்ணே கடலுக்குப் போனார்

அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரைக்கும் பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள். இன்னொருவர் சம்மர்சிபிள் அண்ணே. இரண்டு பேரில் போன் போட்டால் எடுக்கிறவர் சம்மர்சிபிள் அண்ணே.

ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டாருக்கு சப்மெர்சிபிள் என்று பெயர். எங்கள் பக்கத்து நாக்கில் அது சம்மர்சிபிள். அதை இறக்குவதும், கெட்டுப்போனால் மேலே ஏற்றுவதும், ஏறி வந்ததும் அதை நிற்கவைத்துத் திட்டுவதும் அண்ணனுடைய தொழில். நான் அருப்புக்கோட்டையில் மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். நான் விற்பதோடு சரி. அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க அந்த மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அவர்தான். பதினெட்டு வருஷப் பழக்கம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் கடைக்காரன் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரை அண்ணே என்பேன். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு யார் பெரியவர் என்பது கடைசிவரை பிடிபடாது.

மனிதர்களின் பெயர் அவர் நினைவில் நிற்காது. அவர்கள் வீட்டுப் போர்க் கிணறு எத்தனை அடி ஆழம் என்பதுதான் நிற்கும். "நம்ம எழுநூத்தம்பது மகளுக்கு வளைகாப்பாம்" என்பார். "அந்த அறுநூத்தி இருவது சரியான சிடுமூஞ்சி" என்பார். ஒருநாள் கடைவாசலில் நின்று யாரிடமோ போனில், "நானா? ஐநூத்தம்பது கடையிலதான் நிக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் என் வீட்டுப் போர் எத்தனை அடி என்பது எனக்கே தெரிந்தது.

மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டால் போனதும் ஸ்பேனரை எடுக்கமாட்டார். பைப்பில் காதை வைப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் மூச்சு விடக்கூடாது. வீரசோழனில் ஒரு கல்யாண வீடு. காலையில் தண்ணீர் நின்றுவிட்டது. பிரியாணி அண்டாக்கள் காய்ந்து கிடக்க, அண்ணே போய் பைப்பில் காதை வைத்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தினார். மைக் செட் நின்றது. அரிசி களைந்தவர்கள் நின்றார்கள். மாப்பிள்ளையை வரவேற்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பெண்ணைப் பெற்ற அத்தா கண்கலங்கி, "என்னண்ணே, மோட்டாரு போயிருச்சா?" என்று கேட்டார்.

அண்ணே காதை எடுத்தார். "மோட்டாரு தங்கமா ஓடுது. மேல வால்வத் தொறந்தீகன்னா தண்ணி வரும்."

பந்தல்குடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் வருஷத்தில் மூன்றாவது முறையாகச் செம்புக் கம்பிக் காயில் எரிந்து மேலே வந்தது. அதைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "ஒனக்கு என்ன கொற வச்சாக? நல்ல கரண்டு இல்லையா? நல்ல தண்ணி இல்லையா? ஏன் இப்பிடிப் பண்ற?" என்று முக்கால் மணி நேரம் விசாரித்தார். தோட்டக்காரர் என்னிடம் ரகசியமாக, "எம் மகன் காலேஜுல பெயிலானப்ப நாங்கூட இவ்வளவு தன்மையாப் பேசல" என்றார்.

சில வருஷங்களுக்கு முன்பு மழை சுத்தமாகப் பொய்த்தது. குண்டாறு மணலாகக் கிடந்தது. எல்லாரும் போரை இன்னும் ஆழப்படுத்தினார்கள். பெரிய மோட்டாராகக் கேட்டு வந்தார்கள். ஊர் காய்ந்ததால் என் கடையில் வியாபாரம் நன்றாக நடந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதைவிடக் கூச்சம், மோட்டார் கம்பெனிக்காரர்கள் அதற்குப் பரிசாக அந்தமான் தீவுக்கு ஐந்து நாள் சுற்றுலா கொடுத்தது. டிக்கெட் இரண்டு பேருக்கு. மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை என்பதால் மனைவியால் வரமுடியவில்லை.

"சம்மர்சிபிள் அண்ணனக் கூட்டிட்டுப் போங்க. அந்த மோட்டாரையெல்லாம் ராப்பகலா எறக்குனது அவுகதான?" என்றாள் மனைவி.

விமான டிக்கெட்டுக்கு ஆதார் கார்டு கேட்டேன். அதில் இருந்த பெயரைப் பார்த்து, "இது யாருண்ணே?" என்றேன். அவரும் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாந்தேன்" என்றார். அந்தப் பெயரை இங்கே எழுதிப் பயனில்லை. எழுதினால் அவர் வீட்டம்மாவுக்கே ஆள் அடையாளம் தெரியாது.

சென்னையைத் தாண்டியதும் கீழே கடல். ஜன்னலோரம் அவர்தான். இரண்டு மணி நேரம் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தவர், இறங்கப்போகிற சமயத்தில் திரும்பி, "இம்புட்டையும் மூடி போடாம விட்டுருக்காக, அண்ணாச்சி" என்றார்.

மூன்றாம் நாள், கடலுக்குள் முகத்தைக் கவிழ்த்து மீனும் பவளப்பாறையும் பார்க்கிற படகுப் பயணம். படகில் என்னையும் அண்ணனையும் தவிர இன்னும் பத்து பேர், எல்லாரும் வேறு வேறு ஊர்களில் மோட்டார் விற்கிற கடைக்காரர்கள். கூட்டிப்போன வழிகாட்டிக்கு முப்பது வயதிருக்கும். அவருடைய தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்துப் பக்கமிருந்து தீவுக்குப் போய்க் குடியேறிய குடும்பம். நல்ல தமிழ் பேசினார். பாறை இருக்கும் இடம் வந்ததும் இஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டார்.

"தம்பி, இங்க எத்தன அடியில தண்ணி?" என்று கேட்டார் அண்ணே.

"ஆழமா சார்? பத்து, பன்னெண்டு அடி இருக்கும்."

"ஆழம் கேக்கல. தண்ணி எத்தன அடியில ஆரம்பிக்குது?"

வழிகாட்டி கடலைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "மேலயே ஆரம்பிச்சுருது சார்" என்றார் பணிவாக.

கண்ணை மூடுகிற கண்ணாடியையும், வாயில் கவ்விக்கொள்கிற வளைந்த குழாயையும் கொடுத்தார்கள். மூக்கால் மூச்சுவிடக்கூடாது, குழாய் வழியாக வாயால்தான் இழுத்துவிட வேண்டும், குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் ஓங்கி ஊத வேண்டும். வழிகாட்டி மூன்று தடவை சொல்லியும் யாருக்கும் விளங்கவில்லை. ஒருவர் குழாயை மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணே எழுந்தார்.

"எல்லாரும் மோட்டார்க் கடைக்காரக தான? இது டெலிவரி பைப்பு. நம்ம நெஞ்சுதேன் மோட்டாரு. பைப்புக்குள்ள தண்ணி ஏறிட்டா ஏர் லாக் எடுக்கற மாதிரி ஒரே ஊதா ஊதித் தள்ளணும். இதுல என்ன கொழப்பம்?"

பத்து பேருக்கும் பளிச்சென்று புரிந்துவிட்டது. வழிகாட்டி, அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

எல்லாருக்கும் பாடம் எடுத்தவர், தான் மட்டும் படகின் நடுப்பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார். லைஃப் ஜாக்கெட்டைக் காலையில் விடுதியிலேயே மாட்டியிருந்தார். இட்லி சாப்பிட்டதும் அதோடுதான்.

"வரலையாண்ணே?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன இருந்து பாத்துக்கிருதேன்."

"கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாகண்ணே. ஒண்ணும் ஆகாது."

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பதினெட்டு வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். இருபத்து நாலு வயதில், திருச்சுழிப் பக்கம் ஒரு வெட்டுக் கிணற்றில் மோட்டாரைக் கழற்ற இறங்கியிருக்கிறார். படிக்கல் பெயர்ந்து தண்ணீருக்குள் விழுந்துவிட்டார். நீச்சல் தெரியாது. மேலே இருந்தவர்கள் கயிறு தேடி ஓடி வருகிறவரைக்கும் பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறார்.

"கீழ காலுக்கு ஒண்ணுமே தட்டுப்படல அண்ணாச்சி. ஒரே இருட்டு. அன்னைலருந்து வாளியில மோந்து ஊத்திக்கிர்றதோட சரி. குண்டாத்துல தண்ணி வந்தாக்கூடப் பாலத்து மேல நின்னு பாத்துட்டு வந்துருவேன்."

வாழ்நாள் முழுக்கத் தண்ணீரோடு வேலை பார்க்கிற மனிதர். தோளைத் தட்டிவிட்டு இறங்கினேன்.

நான் சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் தலைகீழாகக் குதித்து நீச்சல் பழகியவன். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. வழிகாட்டி ஒரு காற்று வளையத்தை இழுத்துக்கொண்டு போக, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். நான் மட்டும் கையை விட்டுவிட்டு ஒரு மஞ்சள் மீனுக்குப் பின்னால் போனேன். அது மிக அழகான மீன். என்னை எங்கேயோ கூட்டிப்போக வேண்டும் என்ற முடிவோடு இருந்தது.

தலையை நிமிர்த்தியபோது படகு தூரத்தில் இருந்தது. ஒரு சின்ன அலை வந்து குழாய்க்குள் இறங்கியது. ஊத வேண்டும் என்பது தெரியும். ஊதுவதற்கு நெஞ்சில் காற்று இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. உப்புத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்தேன், இருமினேன், கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டவன் மூழ்கமாட்டான் என்பது படகில் உட்கார்ந்திருக்கும்போது நினைவிருக்கிற விஷயம். நான் கையைக் காலை அடித்துக்கொண்டு கத்தினேன். நீரோட்டம் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனது. மகளின் முகம் ஒரு தடவை வந்து போனது. நிஜமாகவே பயந்துவிட்டேன்.

அப்போது படகுப் பக்கம் 'தொபீர்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே, "அண்ணாச்சீ!" என்று ஒரு அலறல்.

சம்மர்சிபிள் அண்ணே குதித்திருந்தார்.

அதன் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கோவையாகத் தெரிந்துகொண்டேன். நீச்சல் தெரிந்த மூன்று நான்கு பேர், பார்த்தது போதும் என்று அதற்குள் படகில் ஏறி அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். என் சத்தம் கேட்டதுமே வழிகாட்டி வளையத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டு என்னிடம் நீந்தி வந்துவிட்டார். ஒரு கையால் ஜாக்கெட்டைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணாடியைக் கழற்றி, "மல்லாந்து படுங்க சார். அவ்வளவுதான்" என்றார். என்னைக் காப்பாற்ற அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணனைக் காப்பாற்றத்தான் பத்து நிமிஷம் ஆனது. தொப்பைக்கு இடைஞ்சல் என்று ஜாக்கெட்டின் கீழ்ப் பட்டையை அவர் மாட்டவில்லை. குதித்த வேகத்தில் அது காதுவரை ஏறிக்கொண்டது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்ட மாதிரி, உள்ளே இருந்தபடியே, "அண்ணாச்சியப் பாருங்க, மொதல்ல அண்ணாச்சியப் பாருங்க" என்று கத்திக்கொண்டு எனக்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார்.

ஒருவழியாக இரண்டு பேரையும் வளையத்தைப் பிடிக்கவைத்தார் வழிகாட்டி. அண்ணனின் பிடியில் வளையம் நசுங்கியது. என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"படகுக்குப் போயிருவோமா சார்?" என்றார் வழிகாட்டி.

அண்ணே கால் இரண்டையும் மெதுவாக அசைத்துப் பார்த்தார். பிறகு, "அந்தக் கண்ணாடியக் குடுங்க தம்பி" என்றார். குழாயைக் கவ்வினார். ஒரு கையால் வளையத்தையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்தார்.

முதலில் குழாயிலிருந்து புஸ் புஸ்ஸென்று வந்த மூச்சு, போகப் போகச் சீரானது. என் மணிக்கட்டில் இருந்த பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. நானும் பக்கத்தில் கவிழ்ந்து பார்த்தேன். எங்களுக்குக் கீழே பவளப்பாறை தோட்டம் போல விரிந்து கிடந்தது. நீலத்தில் பொடிப்பொடியாக மீன்கள், ஒன்று திரும்பினால் எல்லாம் சேர்ந்து திரும்பின. வெயில் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு அடிமணல்வரை போய் அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார். குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"தண்ணிக்குள்ள வெளிச்சமா இருக்கு, அண்ணாச்சி" என்றார். "இருட்டாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

மறுபடி கவிழ்ந்துகொண்டார். மற்ற எல்லாரும் படகில் ஏறி, உடை மாற்றி, முறுக்குப் பொட்டலம் பிரித்து, அதுவும் தீர்ந்த பிறகுதான் அவரை மேலே ஏற்ற முடிந்தது.

கரைக்குத் திரும்பும் வழியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. படகில் துவட்டுவதற்குக் கடைசியாக ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். அதை என் தலையில் போட்டுத் துவட்டிவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஏண்ணே, நீச்சலும் தெரியாது, தண்ணின்னாலே பயம். எந்தத் தைரியத்துல குதிச்சீக?"

"தெரியாதுங்கறது குதிச்சப்பறந்தேன் ஞாவகத்துக்கு வந்துச்சு" என்றார்.

ஊருக்கு வந்ததும் இதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் மனைவியிடம் சொன்னேன். ஜாக்கெட் காதுக்கு ஏறியதையும், எதிர்த் திசையில் போனதையும் நடித்துக்காட்டினேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரம் அண்ணே வீட்டுக்குப் போனது.

இந்த வருஷமும் கம்பெனியில் சுற்றுலா அறிவித்திருக்கிறார்கள். மறுபடியும் ஏதோ தீவு, படகு. மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், பரீட்சையும் இல்லை. எனவே மனைவியின் ஆதார் கார்டை எடுத்து வைத்தேன். அவள் அதை எடுத்துத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டாள்.

"அந்தண்ணனக் கூட்டிட்டுப் போங்க. அவுக இல்லாம ஒங்களத் தண்ணிப் பக்கம் அனுப்பமாட்டேன்."

"அவருக்கு இன்னமும் நீச்சல் தெரியாதுடி" என்றேன்.

"தெரிஞ்சவுக அந்தப் படகுல எத்தன பேரு இருந்தாக?" என்று கேட்டாள். "அதுல யாரு குதிச்சா?"