அமலன் வளர்த்த அலங்காரக் கோரை

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் படுத்து, மீன்குழம்பு மணம் எழுப்பும்வரை உறங்குவது அமலனின் பிறப்புரிமை. அந்த உறக்கத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. மில்லர்புரத்து வீட்டின் புறவாசலில் சமையலறைத் தண்ணீர் குளமாகத் தேங்கிக் கிடந்தது. வாய்க்கால் வெட்டச் சொல்லி மனைவி ஷெர்லின் மூன்று வாரமாக மண்வெட்டியைக் கண்ணில் காட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மனிதர் நர்சரிக்குப் போய் ஆறு தொட்டிச் செடியோடு வந்து இறங்கினார்.

"கோரைப்புல்லையா வாங்கிட்டு வந்திருக்கீய? ஸ்ரீவைகுண்டத்து வயக்காட்டுல இதைப் பிடுங்கி வரப்புல எறியுதாவ!"

"ஏளா, இது அலங்காரக் கோரை. வருசம் பூரா பச்சையா இருக்கும். ஆனா ஈரம் காயக் கூடாது. வாய்க்கால் வெட்டுனா செடி செத்துரும்."

"அதுக்காக வெட்டாமலே விட்டுருவீயளா?"

"உயிரைக் கொல்லச் சொல்லுதியா?"

ஷெர்லின் மண்வெட்டியைச் சுவரோரம் சாத்திவிட்டு உள்ளே போனாள். அமலனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஈரத்தில் ஆறையும் நட்டார். "இதுக்குத் தண்ணி நான்தான் விடுவேன். அளவு எனக்குத்தான் தெரியும். வேற யாரும் கை வைக்கப்படாது!" என்று சட்டமும் போட்டார். போடாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பாயை விரித்தார்.

"என்னங்க, நர்சரிக்காரர்ட்ட போன்ல கேட்டேன். சோப்புத் தண்ணி செடிக்கு ஆவாதாம். பிளம்பரை வச்சு சிங்க் குழாயைத் தெருச் சாக்கடையில சேத்துட்டேன்."

இனி வாய்க்காலே வேண்டாம்! அமலன் மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னார்.

"ஆனா ஈரம் காயுது பாத்தீயளா? மீன் கழுவுன தண்ணிதான் அதுக்கு நல்ல உரமாம்."

பாயருகே ஒரு வாளி வந்தது. அரிவாள்மணை வந்தது. இரண்டு கிலோ சாளை வந்தது. அத்தனையும் விரல் நீள மீன்.

"நீயே கழுவி ஊத்தேன், ஷெர்லின்."

"நான் எப்படி ஊத்த? வேற யாரும் கை வைக்கப்படாதுன்னு நீங்கதான சொன்னீய?"

"எத்தனை நாளைக்கு?"

"அதுவும் நீங்க சொன்னதுதான். வருசம் பூரா பச்சையா இருக்கும்."

அமலன் மீனைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். அழுகையே வந்துவிட்டது. "செடி செத்தா சாவட்டும், ஏளா!"

ஷெர்லின் நெஞ்சில் கை வைத்தாள். "உயிரைக் கொல்லச் சொல்லுதீயளா?"

மில்லர்புரத்தில் இப்போது கோரை தளதளவென்று நிற்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தப் பாயில் ஷெர்லின் உறங்குகிறாள்.