இரண்டாம் தடவை கேட்காத மகன்

அன்புள்ள தங்கை முர்தினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் கணவரும் கிளாத்தேன் வீட்டுக் கோழிகளும் இறைவன் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகமே, முழங்கால், முதுகு, இடது காதுக்குள் போன கடல் தண்ணீர் ஆகியவை நீங்கலாக.

கைபேசி இருக்கும்போது அண்ணன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். கைபேசி இந்த லோம்போக் தீவின் கடலில் இருக்கிறது. சூரியன் இறங்குவதைப் படமெடுத்து உனக்கு அனுப்பலாமே என்று கரையில் நின்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற மரியாதைகூட இல்லாமல் ஓர் அலை வந்து கைபேசியையும் என் கறுப்புத் தொப்பியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போயிற்று. தொப்பி மட்டும் மறுநாள் கரைக்குத் திரும்பியது, உள்ளே ஒரு நண்டோடு. கைபேசி மூழ்குவதற்கு முன் கடைசியாக வந்தது உன் செய்திதான். என் வீட்டைப் பெருக்கப் போனபோது, உன் அண்ணி சம்பால் அரைத்த கல்லும் கூடத்துச் சுவர்க்கடிகாரமும் காணவில்லை என்று எழுதியிருந்தாய். காலம் கெட்டுக் கிடக்கிறது, தங்கையே. மிளகாய் அரைக்கிற கல்லைக்கூட விட்டுவைக்க மாட்டேன் என்கிறார்கள். போலீசுக்கு மட்டும் போய்விடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். என் பிள்ளை வாஸ்கித்தோ பேருந்து நிற்கும் இடத்துக்கே வந்திருந்தான். வெயிலில் கறுத்திருக்கிறான், சிரிப்பு மட்டும் அவன் அம்மாவுடையது. என்னைப் பார்த்ததும், “இனிமே எதுக்குப்பா அங்க தனியா? எங்களோடயே இருந்துடுங்களேன்” என்றான். நம் வீட்டில் வளர்ந்த எவரும் சொல்லும் பதிலைத்தான் நானும் சொன்னேன்.

“சேச்சே, உங்களுக்கு எதுக்குப்பா தொந்தரவு? நான் சும்மா ஊர் பாக்க வந்தேன். முதுகுல பையை மாட்டிக்கிட்டு வெள்ளைக்காரப் பிள்ளைங்க சுத்துதுங்கல்ல, அந்த மாதிரி.”

“சரிப்பா” என்றான்.

அவ்வளவுதான். சரிப்பா! என்னைத் தன் விடுதியில் எட்டுப் பேர் படுக்கும் அறைக்குக் கூட்டிப்போய், ஒரு கட்டிலின் மேல்தட்டைக் காட்டிவிட்டு, பின்னாலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

உனக்குத் தெரியாத கணக்கா இது? முதல் தடவை கேட்பது உதட்டிலிருந்து, இரண்டாம் தடவை மரியாதைக்கு, மூன்றாம் தடவைதான் மனசிலிருந்து. உதாரணமாக, அடுத்த வீட்டு பாக் சதிமான் நம் வாசலைத் தாண்டும்போதெல்லாம் “வாங்க, சாப்பிடலாம்” என்கிறோம். அந்த மனிதர் ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் சோற்றுக்கு எங்கே போவோம்? முதல் அழைப்புக்கே தலையாட்டினான் என்று ஒருவன் பெயரெடுத்தால் அவன் பேரனுக்குக்கூடப் பெண் கிடைக்காது. இதையெல்லாம் அறிந்த பிள்ளை ஒரே ஒரு தடவை கேட்டான் என்றால், இந்தக் கடற்கரையில் நம் வழக்கத்தை மறந்துவிட்டான், அல்லது கேட்டதே உதட்டளவில்தான். எது என்றுதான் மேல்தட்டில் படுத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். முகத்துக்கு நேராக யாருடைய ஈரக் காலுறையோ தொங்குகிறது. யோசனை அதைத் தாண்டிப் போக மாட்டேன் என்கிறது.

இங்கே எல்லோருக்கும் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். கீழ்க்கட்டிலில் சிக்னே என்று ஒரு டென்மார்க் பெண், பக்கத்தில் அவளுடைய தோழன் மிக்கெல். நம் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள், பெரியவர்களை ‘பாக்’ என்று கூப்பிடக்கூடத் தெரிகிறது. வாழைப்பழம் போட்ட தோசை ஒன்றைக் காட்டி, “சாப்பிடுறீங்களா, பாக்?” என்றான். “இல்லப்பா, இப்பத்தான் சாப்பிட்டேன்” என்றேன். “ரொம்ப நல்லது” என்று கடைசித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டான். மருமகள் ஹுஸ்னா, “அப்பா, சோறு போடட்டுமா?” என்றாள். “பசியில்லம்மா” என்றேன். மூடிய பானையை அவள் மறுபடி திறக்கவில்லை. “உங்கப்பா ஒட்டகம் மாதிரிங்க, ஒண்ணுமே உள்ள எறங்க மாட்டேங்குது” என்று அவனிடம் சொன்னது என் நல்ல காதில் விழுந்தது. அதனால் யாருக்கும் தெரியாமல் எதிர்க்கடையில் சாப்பிடுகிறேன். அந்தக் கடைக்கார அம்மா இருக்கிறாளே, குழம்பில் மிளகாய் போடுகிறவள் இல்லை, மிளகாயில் கொஞ்சம் குழம்பு விடுகிறவள்.

“மருமக சோறு போடலையா, பாக்?”

“ஊர் ருசி பாக்குறேன்மா.”

“அதுக்கு ஏன் அழுவுறீங்க?”

“மிளகாய்மா.”

“இன்னும் வாயிலேயே வைக்கலையே!”

முதுகுப் பைக்கும் எனக்கும் உள்ள உறவு அதைவிட மோசம். படகுத்துறையிலேயே ஒரு வார் அறுந்துவிட்டது. மேல்தட்டில் ஏற்ற மிக்கெல் உதவிக்கு வந்து தூக்கிப் பார்த்து, “உள்ள யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டான். ரெண்டு சட்டை, ஒரு கைலி என்றேன். அதைத் தலைமாட்டில் வைத்துப் படுத்ததில் பலகை வளைந்து, சிக்னே தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வெளியே ஊஞ்சல் வலைக்குக் குடிபோய்விட்டாள். “உங்க பை டிக் டிக்குனு அடிக்குது, பாக்.” “அது என் இதயம்மா.” மறுநாள் காலை எல்லோரும் கூடியிருந்தபோது என் இதயம் கணீரென்று மணி அடித்தது. இருமி மறைத்தேன்.

இருந்தாலும் நல்ல பிள்ளைகள். பேச்சோடு பேச்சாக, யாரிடமும் சொல்வதுபோல, “எங்க ஊர்ப் பக்கம் வந்தா அவசியம் வீட்டுக்கு வாங்க” என்றேன். மிக்கெல் உடனே முகவரி கேட்டுக் குறித்துக்கொண்டான். என் வீடு பூட்டியிருக்கிறதே என்று உன் முகவரியைக் கொடுத்தேன். பயப்படாதே, யார் வரப்போகிறார்கள்?

ஆக, வியாழக்கிழமை கிளம்புகிறேன். கேட்காத வீட்டில் காத்திருப்பதற்கும் ஒரு அளவு உண்டு. என் அறையைப் பெருக்கி வை. இனிப்பாக ஏதாவது சமைத்து வை. வாஸ்கித்தோவிடம் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அவன் வாழ்க்கை.

உன் குடும்பத்துக்கு நோயில்லாத உடம்பும் குறையில்லாத அரிசிப்பானையும் இறைவன் தருவானாக. கோழிகளைக் கேட்டதாகச் சொல்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
ஹர்சோயோ

பின்குறிப்பு: அறையைப் பெருக்க வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது வாஸ்கித்தோ வந்தான். “வியாழக்கிழமை கிளம்புறேன்” என்றேன். “சரிப்பா” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. பையின் கனத்துக்குச் சுமையாள் வேண்டுமா என்று தூக்கிப் பார்த்தான். மிச்சமிருந்த வாரும் அறுந்தது. முதலில் கடிகாரம் உருண்டது, விழுந்த வேகத்தில் மணியடித்துக்கொண்டே. பிறகு என் தலையணை. பிறகு அந்தக் கல். (திருடன் பிடிபட்டான், முர். நீ தேடுவதை நிறுத்தலாம்.)

கல்லை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முகர்ந்து பார்த்தான்.

“ஊர் பாக்க வந்தவரு அம்மா கல்லை எதுக்குப்பா சொமந்துட்டு வந்தீங்க?”

“சும்மாதான்.”

“இன்னொரு தடவை கேட்டு, நீங்க நெசமாவே வேண்டாம்னுட்டா என்ன பண்றதுன்னு பயந்துக்கிட்டு நானும் கேக்கலப்பா.”

இரண்டாம் தடவை வருகிறது என்று, முறைப்படி மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். அவன் கேட்கவில்லை. “ஹுஸ்னா, இந்தக் கல்லை அடுப்படியில வை! கடிகாரத்துக்கு ஒரு ஆணி எடு!” என்று கத்தினான்.

“நீ இன்னும் கேக்கவே இல்லையேடா” என்றேன்.

“விருந்தாளியத்தாம்ப்பா கேப்பாங்க.”

இன்னொன்று. ஜாவாவுக்குத்தானே போகிறோம், நேரிலேயே கொடுத்துவிடுகிறோம் என்று மிக்கெலும் சிக்னேயும் இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறார்கள். இதை நீ இவ்வளவு தூரம் படிக்கும்வரை அவர்கள் உன் வாசலில்தான் நின்றிருப்பார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வை. “சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் முதல் தடவையே ஆமாம் என்பார்கள், தப்பாக நினைக்காமல் போடு. இங்கே நானும் இப்போது அப்படித்தான் சாப்பிடுகிறேன்.