குருசாமிக் கங்காணியின் ஆள் மிச்ச இயந்திரம்

உழைப்பவர்களின் பாரத்தைக் குறைக்க வேண்டுமென்று உலகத்தில் எத்தனையோ மகான்கள் பாடுபட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டுத் துணியைத் துவைக்கும் பாரத்தைக் குறைப்பதற்காக கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேரை வேலை வாங்கிய பெருமை, மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த குருசாமி ஒருவருக்கே உரியது.

கங்காணி என்றால் ஆள் கொடுப்பவர். கீழே கம்பம், போடிப் பக்கத்தில் மழை பொய்த்த வருஷமெல்லாம் குருசாமிக்கு விளைச்சல் வருஷம். தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக ஊர் ஊராகப் போய், "மலையில வேலை கொஞ்சம், காத்து தாராளம்" என்று சொல்லி ஆள் கூட்டி வருவார். அதில் பிற்பாதி முழு உண்மை.

அந்த வருஷம் பெரிய துரை சீமைக்குத் திரும்பினார். பங்களா வராந்தாவில் அவருடைய சாமான்களை ஏலம் விட்டார்கள். குருசாமிக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மரியாதைக்காகப் போய் ஓரமாக நின்றார். நாலு காலில் நின்ற ஒரு மரத்தொட்டியைக் காட்டியபோது, கீழ் டிவிசன் கங்காணி ஆறுமுகசாமி கையைத் தூக்கினார். உடனே குருசாமியும் தூக்கினார். பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது: ஆறுமுகசாமி கேட்பது நல்ல பொருள். ஆறுமுகசாமியின் கை களைத்து இறங்கியதும் தொட்டி இவருக்கு ஆயிற்று. அது என்ன பொருள் என்று அதன் பிறகுதான் விசாரித்தார்.

"இது துணி தொவைக்கிற மெசினுல்லா, அண்ணாச்சி" என்றார் தேயிலை பாக்டரியில் பிட்டராக இருந்த சுவக்கீன்.

"அப்படியா? நான் மோர் கடையிறதுன்னுல்ல நெனச்சேன்."

சுவக்கீன் மூடியைத் திறந்து காட்டினார். "உள்ள நாலு காலோட ஒரு கட்டை இருக்கு, பாருங்க. மேல இந்தக் கைப்பிடியச் சுத்துனா அது அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பி அலசும். அப்புறம் இந்த ரெண்டு ரப்பர் உருளைக்கு நடுவில துணியக் குடுத்துச் சுத்துனா ஒரு சொட்டுத் தண்ணி மிஞ்சாம பிழிஞ்சி எடுத்துரும்."

பிழிவது என்றதும் குருசாமியின் முகம் மலர்ந்தது. அது அவருக்குப் பழக்கமான துறை.

"சீமையில இதுக்குப் பேரே ஆள் மிச்சம்தான்" என்று சுவக்கீன் முடித்தார்.

ஆறு ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். மற்ற ஆட்கள் முன்னால் போய்ப் பாதையைச் சீராக்கினார்கள். வீட்டு வாசலில் அதை இறக்கியதும் குருசாமியின் மனைவி அழகுத்தாய் வெளியே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்குத் தண்ணி யாரு ஊத்துவா?"

"ஆளு ஊத்தும்."

"தண்ணிய யாரு சுட வைப்பா?"

"ஆளு வைக்கும்."

"கைப்பிடிய யாரு சுத்துவா?"

"அதுக்கும் ஆளுதான்."

"அப்ப மெசினு என்ன செய்யும்?"

"மெசினு தொவைக்கும்" என்றார் குருசாமி. பெண்களுக்கு விஞ்ஞானத்தை விளக்குவது எத்தனை சிரமம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

இயந்திரத்தை வாங்குவது எளிது. பராமரிப்பதில்தான் மனிதனின் தரம் தெரிகிறது. தொட்டி காய்ந்தால் பலகை சுருங்கி ஒழுகும் என்று சுவக்கீன் எச்சரித்திருந்தார். ஆகவே துணி இல்லாத நாளிலும் தொட்டியில் தண்ணீர் நிற்க வேண்டும். ஓடையிலிருந்து அதைச் சுமக்கும் பொறுப்பு ராமுத்தாய்க்குக் கிடைத்தது. கம்பத்துப் பக்கமிருந்து இருமல்காரத் தாயோடு மலையேறி வந்த பெண் அவள். கொழுந்து பறிப்பதில் கை வேகம், பேச்சில் அதைவிட வேகம். தண்ணீரைச் சுட வைக்க ஒருத்தி, கைப்பிடியைச் சுற்ற இரண்டு பேர். வாசல் சமதளமில்லாததால் சுற்றும்போதெல்லாம் இயந்திரம் நடக்கத் தொடங்கியது. அதன்மேல் உட்கார்ந்து தடுக்கப் பிச்சைமணி என்ற கனத்த ஆள் நியமனமானான். இப்படியாக 'துவைப்பு டிபார்ட்மெண்ட்' உதயமாயிற்று.

இதனால் தோட்டத்து வேலைக்குக் குந்தகம் நேர்ந்ததென்று யாரும் சொல்ல முடியாது. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பதற்கு முன்பே டிபார்ட்மெண்டின் வேலை முடிந்துவிடும். ஆட்கள் வீணாக்கிக்கொண்டிருந்த நேரத்தை, அதாவது தூங்கிக்கொண்டிருந்த நேரத்தை, குருசாமி பயனுள்ளதாக்கினார். கூலி எதற்கு? சீமை இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அழுக்குத் துணியைப் போட்டால் இயந்திரம் அழுக்காகிவிடும் என்பதை அவர் சீக்கிரமே கண்டுபிடித்தார். எனவே துணிகளை முதலில் ஓடைக்கல்லில் அடித்துத் துவைத்து, சுத்தமான பிறகே இயந்திரத்தில் போட வேண்டுமென்று உத்தரவாயிற்று.

"கங்காணியய்யா, ஓடையிலயே வெளுத்துருச்சே. இன்னும் இதுக்குள்ள எதுக்கு?" என்று ராமுத்தாய் கேட்டாள்.

"ஓடையில போனது அழுக்கு, புள்ள. இதுல வெளுக்கிறது கௌரவம்."

"கௌரவத்துக்குத் தண்ணி ரொம்பப் பிடிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி குடத்தை எடுத்தாள். பிச்சைமணி சிரித்ததில் இயந்திரம் ஒரு முழம் நகர்ந்தது.

ஆனி பிறந்து மழை பிடித்தது. தங்கை கல்யாணத்துக்குக் கீழே இறங்கிய பங்களா வண்ணான், பாதை இடிந்ததால் அங்கேயே தங்கிவிட்டான். புதிதாக வந்திருந்த சின்ன வயது துரைக்கு மூணாறு கிளப்பில் விருந்து. போட்டுக்கொள்ள வெள்ளைக் கால்சட்டை இல்லை. கங்காணி வீட்டில் இயந்திரம் இருப்பது துரையின் காதுக்கு எட்டியது. எட்டியதில் குருசாமியின் முயற்சியும் கொஞ்சம் உண்டு. கால்சட்டைகள் மூட்டையாக வந்து சேர்ந்தன. குருசாமி மூட்டையைத் தலைப்பாகைமேல் வைத்து வாங்கினார். அந்த நேரத்தில் ஆறுமுகசாமி அந்தப் பாதையில் வராமல் போனது ஒன்றுதான் குறை.

மறுநாள் அதிகாலையில் டிபார்ட்மெண்ட் கூடியது. தொட்டியில் ஆவி பறந்தது. இத்தனை மாதமாக அழகுத்தாய் அந்த இயந்திரத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தன் கையால் போட்டதில்லை. இன்று துரை துணியே உள்ளே போகிறது. தன் துணி போனால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. மாரியம்மன் பொங்கலுக்கு எடுத்து, இன்னும் தண்ணீர் காணாத அரக்குச் சிவப்புச் சேலையைக் கொண்டுவந்து உள்ளே போட்டு மூடினாள்.

"அம்மா, அது சாயம் விடுமே" என்றாள் ராமுத்தாய்.

"சீமை மெசினுக்குத் தெரியாதா? சுத்துங்க."

சுற்றினார்கள். மூடியைத் திறந்தபோது துரையின் கால்சட்டைகள் எல்லாம் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவந்திருந்தன. உருளைக்கு நடுவே கொடுத்தார்கள். அதுவரை நன்றாக இருந்த பொத்தான்கள் ஒவ்வொன்றாக நொறுங்கி விழுந்தன.

விசாரணை பெரட்டுக் களத்திலேயே நடந்தது. மழையில் ஆட்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். துரை ஒரு கால்சட்டையைப் பிரம்பு நுனியில் தூக்கிக் காட்டினார்.

"இது யார் செஞ்சது?"

முதலில் சுவக்கீன் சாட்சி சொன்னார். இயந்திரத்தை மாதாமாதம் கழற்றி மாட்டியவர் அவர்தான். "மெசினுல ஒரு பழுதும் இல்லைங்க, தொரை."

சீமையில் செய்தது தவறு செய்யுமா என்று துரையும் ஒப்புக்கொண்டார். பிறகு அவர் பார்வை குருசாமிமேல் திரும்பியது. இந்த மலையும் கோட்டும் தலைப்பாகையும் இல்லாத ஒரு குருசாமியைக் குருசாமியே ஒரு கணம் மனசுக்குள் பார்த்துவிட்டார். கண்ணுக்கு நன்றாக இருக்கவில்லை.

"நான் அந்த மெசினக் கையால தொட்டதே இல்லைங்க, தொரை" என்றார். அவர் வாழ்நாளில் சத்தியம் செய்யத் தயாராக இருந்த சில உண்மைகளில் அது ஒன்று.

"அப்போ யார்?"

குருசாமி வரிசையைப் பார்த்தார். சேலையைப் பிழிந்த ராமுத்தாயின் கை இரண்டும் மணிக்கட்டு வரை சிவப்பாக இருந்தன. விரலை நீட்டினார்.

"நான் தண்ணி ஊத்துனேன், பிழிஞ்சேன். அவ்வளவுதான். சேலை யாருதுன்னு கங்காணியய்யாவையே கேளுங்க, தொரை" என்றாள் அவள்.

துரை கேட்கவில்லை. விருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "பேர் வெட்டு. லயத்தைக் காலி பண்ணு" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

மத்தியானத்துக்குள் ராமுத்தாய் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு, தாயைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, இடிந்த பாதை வழியாகவே கீழே இறங்கினாள். தாயின் இருமல் இரண்டு திருப்பம்வரை மேலே கேட்டது. குருசாமிக்கு நெஞ்சோரத்தில் ஏதோ உறுத்தியது. வீட்டுக்கு வந்து ஈரக் கோட்டைக் கழற்றியதும் சரியாகிவிட்டது.

அழகுத்தாய் தட்டு வைக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றாள்.

"சேலை என்னுது. போட்டதும் நானு. அந்தப் புள்ள வேணாம்னு சொன்னுச்சு. தெரிஞ்சுக்கிட்டேதான் அவளக் காட்டுனீங்களா?"

குருசாமி கோபப்படவில்லை. இயந்திரத்தை விளக்கியபோது இருந்த அதே பொறுமையோடு சொன்னார்:

"தொரை கேட்டது தப்புப் பண்ணுன ஆள இல்ல, தாயி. ஒரு ஆளு கேட்டாரு. ஆளு குடுக்கிறதுதான நம்ம தொழிலு?"