இளவரசியின் கண்களுக்கு நாற்பது பக்கம்

உலகத்தில் காதல் இன்னும் செத்துப்போகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் மூன்றாம் தளத்தில் ஒரு மனிதர் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். வாசகர்கள் அவருக்கு இட்ட பட்டம் 'காதல் திலகம்'. நாமும் அப்படியே அழைப்போம். மரியாதை குறையக்கூடாது.

திலகம் எழுதுவது சரித்திரக் காதல். சரித்திரத்தில் ஒரு நூலிழை பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. ராஜகுமாரனின் செருப்புக்கு வார் ஒன்றா, இரண்டா என்று கேட்டு அருங்காட்சியகத்துக்கு ஆறு கடிதம் போட்டவர். அந்தப்புரத்து விளக்கில் எரிந்தது என்ன எண்ணெய் என்று மூன்று வாரம் ஆராய்ந்தவர். சொந்த வீட்டில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அது சமகாலம், அவருடைய துறை அல்ல.

பகல் முழுக்க அவர் அறைக்குள் மனிதக் குரல் புகக்கூடாது. இதற்கு 'அரண்மனை ஒழுங்கு' என்று பெயர். மனைவிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில் தள்ள வேண்டும். மாலையில் திலகம் தம் பாத்திரங்களோடு மனத்துக்குள் பேசிக்கொண்டிருப்பார் என்பதால் அப்போதும் சீட்டுதான்.

இப்போது எழுதிவரும் நாவலில் இளவரசி தன் காதலனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறாள். "பொம்பளை மனசு எனக்குச் சரியா வரமாட்டேங்குது. நீ நாலு வரி எழுதித் தள்ளு, நான் மெருகேத்திக்கறேன்" என்று போன மாதம் மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்த அம்மாளும் இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தாள். வாரப் பத்திரிகையில் படித்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். பாராட்டுக் கடிதங்கள் திலகத்துக்கு வந்தன.

திங்கட்கிழமை கதவுக்கு அடியில் ஒரு சீட்டு வந்தது: "வியாழன் காலை பத்து மணிக்கு எனக்குக் கண் ஆபரேஷன். பயமா இருக்கு. துணைக்கு வருவீங்களா?"

இளவரசியின் அடுத்த கடிதம் என்று திலகத்துக்குப் புல்லரித்தது. இளவரசியின் கண்களைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி முடித்திருந்தார். இப்போது அந்தக் கண்ணுக்கே ஆபத்தா? என்ன ஒரு திருப்பம்! ஆனாலும் ஆராய்ச்சியாளர் கடமை தவறுவாரா? சிவப்புப் பேனாவை எடுத்து 'ஆபரேஷன்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டார். "காலவழு. இது அந்தக் காலத்தில் இல்லை. நீக்குக. மற்றபடி பிரமாதம்" என்று எழுதி வெளியே தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை அடுத்த சீட்டு: "இது கதை இல்லை. என் கண்ணு. போன வாரம் கண்ணு தெரியாம உப்புக்குப் பதிலா சோடா மாவைப் போட்டேன். நீங்க கவனிக்காம சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டீங்க."

'இது கதை இல்லை' என்ற வரியை அவர் அப்படியே அத்தியாயத்தின் கடைசி வரியாக்கினார். சோடா மாவுக்குச் சிவப்பு வட்டம்.

வியாழக்கிழமை காலை: "பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் அக்காவோட போறேன்."

"டைப்பிஸ்டை நீக்கித் 'தோழி' என்று போடுக" என்று எழுதித் தள்ளினார். அந்தச் சீட்டை யாரும் எடுக்கவில்லை.

பத்து மணிக்கு ஒரு பெண் நிருபர் பேட்டிக்கு வந்தாள். பேட்டிக்கு மட்டும் அரண்மனை ஒழுங்கில் விலக்கு உண்டு.

"சார், இளவரசியோட கண்ணை இப்படி உருகி உருகி எழுதியிருக்கீங்களே, யாரைப் பாத்து எழுதினீங்க?"

திலகம் கூரையைப் பார்த்தார். "என் மனைவியைப் பாத்துத்தான். அந்தக் கண்ணுல விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கல."

"ஐயோ, எவ்வளவு அழகா சொல்றீங்க! அவங்களை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

அவர் கூப்பிடுவதற்குள் தொலைபேசி மணி அடித்தது. கண் மருத்துவமனை நர்ஸ்.

"சார், அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கூட வந்தவங்க சொந்தம் இல்லையாம். அம்மா சொன்னது மட்டும் பத்தாது, எந்தக் கண்ணுன்னு வீட்டு ஆள் ஒருத்தரும் வாயால சொன்னாத்தான் உள்ள கூட்டிட்டுப் போக முடியும். இல்லேன்னா அடுத்த மாசம்தான்."

திலகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "கண்ணு... அவ கண்ணு வந்து..."

"வலதா, இடதா சார்?"

அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கையெழுத்துப் பிரதியைப் புரட்டினார். நாற்பது பக்கம். இமை முடியின் நீளம் இருந்தது, நிலவொளியில் ஒரு நிறம், தீவட்டி வெளிச்சத்தில் ஒரு நிறம் எல்லாம் இருந்தது. வலது இடது மட்டும் எங்கேயும் இல்லை. நிருபர் பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்" என்றார் திலகம்.

"சார்... நீங்க அவங்க வீட்டுக்காரர்தானே?"

பதில் வருமுன் அந்தப் பக்கம் டைப்பிஸ்ட் அக்காவின் குரல் கேட்டது. "நான் அவளோட கூடப்பிறந்த அக்கான்னே எழுதிக்கோம்மா. இடது கண்ணு. மூணு மாசமா அவளுக்கு ஊசியில நூல் கோத்துக் குடுக்கறவ நான்தான்." தொடர்பு அறுந்தது.

நிருபர் தன் குறிப்பேட்டில் எதையோ அடித்துவிட்டு, "போட்டோ வேணாம் சார்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

திலகம் மருத்துவமனைக்கு ஓடியிருக்கலாம். சட்டையும் மாட்டிக்கொண்டார். ஆனால் எந்த மருத்துவமனை என்று கேட்க மறந்துவிட்டிருந்தார். அறைக்குத் திரும்பி, 'பயமா இருக்கு' என்ற வரியைச் சிவப்புப் பேனா இல்லாமல் திரும்பத் திரும்பப் படித்தார். அவமானமாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு வாசல் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. எழுந்து போகத் தைரியம் வரவில்லை. "வந்துட்டியா?" என்று அரண்மனை ஒழுங்கை மீறிக் குரல் கொடுத்தார்.

பதிலுக்குக் கதவுக்கு அடியில் ஒரு காகிதம் வந்தது. மருத்துவமனைப் படிவம். துணைக்கு வருபவரின் 'உறவு' என்ற இடத்தில் அவள் முன்பே பூர்த்தி செய்து வைத்திருந்த 'கணவர்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், ஒற்றைக் கண்ணால் எழுதிய கோணல் எழுத்து:

"காலவழு. இது இந்தக் காலத்தில் இல்லை. நீக்குக. மற்றபடி பிரமாதம்."