புடிங்கின் குடும்ப ஒன்றிணைவு

1988ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கோப்பன்ஹேகன் விமான நிலையத்துச் சமையற்கூடம் ஒன்றில், லண்டன் பறக்கும் பயணிகளுக்கு இனிமேல் ஆங்கிலேயரின் பாரம்பரியப் புடிங்தான் பரிமாறப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பாரம்பரியம்தான் அந்த வருடத்து மோஸ்தர். உலர்ந்த முந்திரிகைப் பழமும் மாட்டுக்கொழுப்பும் போட்டு மணிக்கணக்காக ஆவியில் வேகும் அந்தக் கறுத்த உருண்டையை அவிக்கிற பொறுப்பு அல்பேட்டிடம் வந்தது. மன்னாரில் பிறந்தவனுக்கு ஆவியில் அவிப்பது கைவந்த கலை என்று மேற்பார்வையாளர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார்.

அல்பேட் அவித்துத் தள்ளினான். மனம் மட்டும் மன்னாரில் கிடந்தது. மனைவி மேரிசெலினையும் மகளையும் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதினான்கு மாதமாகப் பதில் இல்லை. அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இங்கே "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து, புடிங்கின்மேல் ஊற்ற இங்கிலாந்திலிருந்து வந்த கஸ்ரட் என்ற இனிப்புப் பாற்குழம்பு சுங்கத்தில் மறிக்கப்பட்டது. மூன்று திணைக்களங்களும் ஒரு பேராசிரியரும் அவசரமாகக் கூடினார்கள். இரண்டே நாளில் முத்திரை குத்திய கடிதம் வந்தது: "புடிங்கையும் கஸ்ரட்டையும் பிரித்து வைப்பது மனிதாபிமானத்துக்கு ஒவ்வாது. தாமதமின்றி ஒன்றுசேர்க்கவும்."

அல்பேட் அதை மூன்று தரம் வாசித்தான்.

"அண்ணை, இதிலை ஒரு கொப்பி எடுத்து என்ரை விண்ணப்பத்தோடை வைச்சால் என்ன?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிறீஸ்கந்தராசா யோசித்தார். "வை. எங்கடை ஆக்கள் ஞானஸ்நானப் பத்திரம், பள்ளிக்கூட றிப்போட், கலியாணப் படம் எல்லாம் வைச்சுப் பாத்திட்டினம். கஸ்ரட் ஒருத்தரும் வைக்கேல்லை."

வெளிநாட்டவர் விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாசித்தார்.

"இது உங்கள் கஸ்ரட்டா?"

"இல்லை ஐயா. கஸ்ரட்டுக்கு ரெண்டு நாள். என்ரை மனுசிக்குப் பதினாலு மாசம். ஏனெண்டு கேக்கிறன்."

அதிகாரியின் முகம் சிவந்தது. "நியாயமான கேள்வி. டென்மார்க்கில் எல்லோரும் சமம். இந்தப் பாகுபாட்டை நாளைக்கே நீக்குகிறேன்."

அல்பேட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வரும் வழியிலேயே மகளுக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கினான். இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று தெரியாததால் பெரிதாகவே வாங்கினான்.

அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே கஸ்ரட்டின் அனுமதி ரத்தாகி, அதன் கோப்பு மேரிசெலினின் கோப்புக்கு அடியில் வைக்கப்பட்டது.

பயணிகள் வறட்டுப் புடிங்கை விழுங்க முடியாமல் விக்கினார்கள். பத்திரிகைகள் கொதித்தன. ஒரு நாகரிக நாடு இப்படி நடக்கலாமா என்று பிரமுகர்கள் வெட்கப்பட்டார்கள். இக்காஸ்ட் நகரத்தில் இருந்த எங்கள் தமிழ்ச் சங்கம் ஒன்றுகூட கஸ்ரட்டுக்கு ஆதரவாக இருநூறு கையெழுத்துச் சேர்த்து அனுப்பியது. என்ன மகஜர் என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் எங்கள் ஆட்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. இரண்டு மாதம் கழித்துக் கடைசியில் விசாரணைக் குழு அமைந்தது. புடிங்கை அவித்தவன் என்ற வகையில் அல்பேட்டும் சாட்சிக்கு அழைக்கப்பட்டான்.

"எவ்வளவு காலமாக மறித்து வைத்திருக்கிறார்கள்?" தலைவர் கனிவாகக் கேட்டார்.

"பதினாறு மாசம் ஐயா."

"பெயர்?"

"மேரிசெலின்." அவன் குரல் உடைந்துவிட்டது.

மண்டபமே உருகியது. சில சீமாட்டிகள் கைக்குட்டை எடுத்தார்கள். செயலாளர் தலை நிமிராமல் அறிக்கையில் எழுதினார்:

"கஸ்ரட். வகை: மேரிசெலின். காலாவதியாகிவிட்டது. சாட்சிக்கு வேறொன்று தருவித்துக் கொடுக்கலாம்."