நாலரைக் கிலோ கிதார்

இனிமேல் ஒரே பை. தோளில் பை, கையில் கார்ச் சாவி, வாயில் விசில். அதற்கு மேல் ஒரு துரும்பைக்கூடத் தூக்குவதில்லை. நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே, படிக்கட்டில் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சீல் சார் எடுத்த சபதம் இது.

சீல் சார் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். மனிதர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் கதவில் சிவப்புத் தாள் ஒட்டி சீல் வைத்துவிட்டு வருவது அவர் வேலை. போன மாதம், தான் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்ட்டுக்கே சீல் வைத்துவிட்டார். வேறு இன்ஸ்பெக்டராக இருந்தால் கண்டும் காணாமல் போயிருப்பான். இவர் போகவில்லை. விளைவு, நாற்பது குடும்பங்கள் மூச்சு வாங்கப் படியேறுகின்றன. ஏறும்போது இவரைத் திட்டுகின்றன. நேர்மைக்கு இந்த உலகத்தில் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

அவர் மட்டும் சும்மாவா ஏறி இறங்கினார்? மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவர் கிதார்க் கலைஞர். இரண்டரை மணி நேரத் தொலைவில் ஏரிக்கரை விடுதி ஒன்றில் சாயங்காலம் வாசிப்பார். அதற்கு வேண்டிய சாமான்கள்: வயிறு பெருத்த கிதார் ஒன்று, அதற்கு ஆள் படுக்கலாம் போன்ற பெட்டி ஒன்று, சத்தத்தைப் பெருக்க மரத்தில் செய்த ஆம்ப், மைக் ஸ்டாண்ட், கிதார் ஸ்டாண்ட், காலால் மிதிக்கும் பெடல்கள் பதித்த பலகை, ஒயர் மூட்டை. மொத்தம் முப்பத்து நாலு கிலோ. கீழே இறக்க மூன்று நடை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டது வாசிப்புக்காக மட்டும் இல்லை. அந்தப் பயணம்தான் அவருடைய சொர்க்கம். காரில் தனியாகப் போகலாம். ஏரியைப் பார்த்த பால்கனியோடு விடுதியில் ஓர் அறை தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கலாம். "என்னங்க" என்று ஒரு குரல் கேட்காது. மனைவியும் நாலு வருஷமாக, "நானும் வரட்டுமாங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவரும் நாலு வருஷமாக, "தாராளமா வா. எங்கே உட்காருவே?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பின்சீட்டை மடக்கிப் போட்டுப் பெட்டி படுத்திருக்கும். முன்சீட்டில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு ஆம்ப் உட்கார்ந்திருக்கும்.

சபதத்தோடு மேலே ஏறி வந்தவர், மனைவியிடம் அறிவித்தார்.

"ஏம்மா, படிக்கட்டுலயே உட்கார்ந்து முடிவு பண்ணிட்டேன். சாமானையெல்லாம் மாத்தப் போறேன். எல்லாம் சின்னதா, ஒரே பைக்குள்ள."

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். யாருக்கு எவ்வளவு டோஸ் என்பது அவளுக்குத் தெரியும். துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை ஒரு நொடி நின்றது. ஒரே நொடிதான்.

"ஐயையோ, வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"பெரிய கிதார்தான் உங்களுக்கு எடுப்பா இருக்கும். சின்னதை மாட்டிக்கிட்டு நின்னா சிரிப்பாங்க."

"யாரு சிரிப்பாங்க?"

"வேற யாரும் சிரிக்கலைன்னா நானே சிரிப்பேன்."

சீல் சாருக்குச் சுர்ரென்று ஏறியது. "வாசிக்கிறது நானா, நீயா?"

"நீங்கதான்."

"இடுப்பு வலி யாருக்கு?"

"அதுவும் உங்களுக்குத்தான். அதுக்குத்தான் கடையில தைலம் இருக்கே."

அநியாயம்! கட்டிய புருஷன் முதுகெலும்பு முறிந்து கிடந்தாலும் தைலம் விற்கப் பார்க்கிற பெண்! இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் சீல் சார் ஒரே ஒரு கொள்கையைத்தான் வழுவாமல் காத்து வந்திருக்கிறார். அவள் இடது என்றால் இவர் வலது. அவள் மழை வரும் என்றால் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார், நனைந்துகொண்டே திரும்பி வருவார், தும்மிக்கொண்டே "மழையா? எங்கே?" என்பார். ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

முதலில் முக்கால் அளவு கிதார் ஒன்றின் படத்தை போனில் காட்டினார்.

"இது பரவாயில்லைங்க," என்றாள் அவள். "ஆனா இதுக்குக் கீழே போயிடாதீங்க."

அரை மணி நேரத்தில் கீழே போனார். கழுத்தைத் தனியாகக் கழற்றி வைக்கிற கிதார்.

"இதோட நிறுத்திக்கங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

கெஞ்சியதால் இன்னும் கீழே போனார். கடைசியாகக் கண்டெடுத்தது ஒரு விசித்திரம். வழக்கமாகத் தலையில் இருந்து கம்பியை இறுக்கும் முறுக்காணிகள் இதற்கு அடியில். அதனால் தலை கிடையாது. சத்தம் ஒயர் வழியாகப் போவதால் வயிறும் கிடையாது. ஒரு நீளக் கட்டை, ஆறு கம்பி, தொடையில் நிறுத்த மடக்குக் கம்பிச் சட்டம், அவ்வளவுதான்.

மனைவி படத்தை உற்றுப் பார்த்தாள். "தலையும் இல்லை, உடம்பும் இல்லை. அப்ப எதைத்தாங்க வாங்கறீங்க?"

"நாதத்தை வாங்கறேன்!"

"ஆம்ப்பையாவது விட்டு வைங்களேன். பாவம், முன்சீட்டுல உட்கார்ந்து பழகிடுச்சு."

"ஆம்ப்பே கிடையாது! வீட்டுல பழகறதுக்குக் கட்டைவிரல் அளவுல ஒண்ணு வருது. அதைக் கிதார்ல சொருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டா எனக்கு மட்டும் கேக்கும். மேடையில ஒரு சின்னப் பெட்டி. அதுலேர்ந்து ஒயர் நேரா விடுதி ஸ்பீக்கருக்குப் போயிடும். ஸ்டாண்ட் குடை மாதிரி மடங்கும். எப்படி?"

அவள் பெருமூச்சு விட்டாள். "எனக்கு இதெல்லாம் புரியறதில்லைங்க. நம்ம வண்டியில பழசு எவ்வளவு இடத்தை அடைச்சுது, புதுசு எவ்வளவு அடைக்கும்னு எழுத்துல காட்டுங்களேன்."

எந்த லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கும் இதைவிட இனிய சொல் காதில் விழாது. டேப்பை எடுத்துக்கொண்டு நாலு மாடி இறங்கினார். சீட்டை அளந்தார், டிக்கியை அளந்தார், கால் வைக்கிற இடத்தையும் அளந்தார். மேலே வந்து, அலுவலக ஃபாரம் ஒன்றை எடுத்து முத்து முத்தாக எழுதினார். "மேற்படி வாகனம் என்னால் நேரில் பரிசோதிக்கப்பட்டது. புதிய சாமான்களின் எடை நாலரைக் கிலோ. இனி ஓட்டுநர் நீங்கலாக நான்கு நபர்கள் தாராளமாகப் பயணம் செய்யலாம்." கீழே கையெழுத்து, தேதி, ரப்பர் முத்திரை.

"கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு!" என்று அவள் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

அவர் கிதார் வாங்கக் கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "பழசை மட்டும் குடுத்துடாதீங்க. என்னைக்காவது உதவும்." சீல் சார் பழையதை ஆம்ப்போடு, பெட்டியோடு, ஒயர் மூட்டையோடு கடையில் தள்ளிவிட்டுத்தான் மறு வேலை பார்த்தார்.

இசைக்கருவிக் கடை அம்மாவும் லேசுப்பட்டவள் அல்ல. "சார், உங்க உயரத்துக்குப் பெரிய கிதார்தான் எடுப்பா இருக்கும்," என்று ஆரம்பித்தாள். வீட்டில் கேட்ட அதே வார்த்தை! ஊரே கூடி என் இடுப்பை ஒடிக்கப் பார்க்கிறதா என்று சீல் சார் குமுறினார். "நான் கேட்டதை எடுங்க," என்றார் விறைப்பாக. ஹெட்ஃபோனை மாட்டி, கம்பியை ஒரு முறை மீட்டினார். அடடா! ஒரு ஹாலே காதுக்குள் திறந்தது. அந்த ஒரு நிமிஷம் மனிதர் கோபத்தை மறந்து நிஜமாகவே சந்தோஷப்பட்டார். பொய் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை வந்தது. தோளில் பை, கையில் சாவி, வாயில் விசில். நாலு மாடியையும் துள்ளிக்கொண்டு இறங்கிக் காரை நெருங்கினார். விசில் பாதியில் அறுந்தது.

முன்சீட்டில் மனைவி. தலை வாரி, நல்ல புடவை கட்டி, மடியில் பையோடு, கையில் மாற்றுச் சாவியோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இது?"

"சீட் பெல்ட்டுங்க."

"அது தெரியுது. நீ எங்கே கிளம்பிட்டே?"

"நீங்க போற இடத்துக்கு. நாலு வருஷமா இடம் இல்லைன்னீங்க. இப்பதான் இருக்கே."

"இருக்குன்னு எவன் சொன்னான்?"

அவள் மடிப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஃபாரத்தை எடுத்து விரித்தாள். "இந்த முத்திரை யாருதுங்க?"

சீல் சார் அதைப் பார்த்தார். தன் முத்திரையைத் தானே மறுத்த இன்ஸ்பெக்டர் உலகத்தில் உண்டா? தொண்டையைச் செருமினார். "உன் கடை?"

"லீவு போட்டாச்சு."

"எப்ப?"

"நீங்க படிக்கட்டுல உட்கார்ந்து சபதம் பண்ணீங்களே, அதுக்கு மறுநாள்."

அதோடு போயிற்றா? பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் மனைவியின் அக்காவும் அக்கா புருஷனும் பெட்டியோடு நின்றார்கள். தற்செயலாக நிற்கிறார்களாம்! பெட்டியோடு, தொப்பியோடு, வழியில் கொறிக்க வறுத்த கடலையோடு தற்செயலாக! சகலை முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பின்சீட்டில் ஏறியதும் அவருடைய வலது கால் தானாக இல்லாத பிரேக்கைத் தேட ஆரம்பித்தது.

"சகலை, கியர்."

"மாத்திட்டேன்."

"மாத்தினது கேட்டுது. ஏன் மாத்தினீங்கன்னுதான் கேக்கறேன்."

"சகலை, நான் லைசென்ஸ் வாங்கி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு."

"அதான் எல்லாத்தையும் மறந்துட்டீங்க. கண்ணாடியைப் பாருங்க."

ஒன்றேகால் மணி நேரம்! தன்னுடைய காரில், தன்னுடைய சொர்க்கத்துக்குப் போகிற வழியில், லைசென்ஸ் வாங்காத பயல் மாதிரி சீல் சார் கண்ணாடியைப் பார்த்தார், ஹார்ன் அடித்தார், இண்டிகேட்டர் போட்டார். மனைவி முன்சீட்டைச் சாய்த்துக்கொண்டு, "சீட்டு எவ்வளவு சௌகரியமா இருக்கு! அந்த ஆம்ப் குடுத்து வெச்சது," என்றாள்.

விடுதியில் புதுக் கிதார் அருமையாகப் பேசியது. அதைக் கேட்க விட்டால்தானே? முன்வரிசையில் உட்கார்ந்த சகலை, வேகமான பாட்டு வரும்போதெல்லாம் கையைக் கீழே அமுக்கி, "நிதானம், நிதானம்," என்றார். பால்கனி அறையின் கட்டிலை அக்காளும் தங்கையும் எடுத்துக்கொண்டார்கள். தரையில் விரித்த மெத்தையில் சீல் சாரும் சகலையும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குச் சகலை தோளைத் தட்டினார். "எழுந்திரிங்க. ஏரியைச் சுத்தி நடந்தா இடுப்புக்கு நல்லது." பத்து மணித் தூக்கம் கொலையுண்டது. அறைக்குள் நாலு திசையிலிருந்தும் "என்னங்க, என்னங்க" என்று ஒரே கூப்பாடு.

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் சீல் சார் நேரே இசைக்கருவிக் கடைக்கு ஓடினார். இடுப்பு போனால் போகட்டும். சொர்க்கம் திரும்ப வேண்டும்.

"என் பழைய கிதார்?"

"அன்னைக்கே வித்துப் போச்சு சார்."

"அப்ப இருக்கறதுலயே பெரிய கிதார், பெரிய பெட்டி, பெரிய ஆம்ப் எடுங்க. வண்டியில ஒரு ஈ உட்காரக்கூட இடம் இருக்கக் கூடாது."

கடை அம்மா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். கதவோரம் எல்லாம் அடுக்கித் தயாராக இருந்தது. பழையதுக்கு அண்ணன் மாதிரி ஒரு கிதார். பீரோ மாதிரி ஒரு ஆம்ப்.

"எடுத்தே வெச்சுட்டேன் சார். காலையில மேடம் போன் பண்ணாங்க. சார் இன்னைக்கு வருவாரு, பெரியதாப் பார்த்து அவர் தலையில கட்டிடுங்கன்னாங்க. போன தடவையும் அதைத்தான் சொன்னாங்க, நீங்கதான் கேக்கலை."

சீல் சாரின் கை ஆம்ப்பின் பிடியில் இருந்தது. தூக்க வேண்டியதுதான் பாக்கி. தூக்கினால் சொர்க்கம். ஆனால் தூக்கினால் அவள் சொன்னதைக் கேட்டதாக ஆகிவிடுமே! இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த கொள்கை உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது.

"மேடம் சொன்னா நான் வாங்கிடணுமா?" என்று கடையே அதிரக் கத்தினார். கையை உதறினார். போகிற போக்கில், இருக்கிற ஸ்டாண்டைவிடச் சின்னதாக, சட்டைப்பையில் அடங்குகிற ஸ்டாண்ட் ஒன்றை எடுத்து பில் போடச் சொன்னார்.

நாலு மாடி ஏறி, வெற்றி வீரராக வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி அவருடைய வெறுங்கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டாள்.

"பெரிசு வாங்கலையாங்க?"

"நீ சொன்னா வாங்கிடுவேனா? நான் யாருன்னு நினைச்சே?"

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதாங்க?" என்றபடி அவள் போனை எடுத்தாள். "அக்கா, அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வந்துடு."