அக்காவின் கலங்கரை விளக்கம்

மத்ரித்,
1966 அக்டோபர், வியாழக்கிழமை

பிரியமுள்ள தம்பி எவாரிஸ்தோவுக்கு அக்கா பிரிமித்திவா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தான் ஃபெர்மினும் சுகம். அவருடைய முட்டிவலி எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. புவனோஸ் அயர்ஸில் நீயும் உன் வீட்டாரும் நன்றாயிருக்க மாதா துணை நிற்கட்டும். இனி வருவதை உட்கார்ந்துகொண்டு படி.

கப்பல் ஏறும்போது "பத்திரமா வச்சிரு அக்கா, வந்து வாங்கிக்கறேன்" என்று உன் தபால்தலை ஆல்பத்தைக் கொடுத்தாயே, பதினேழு வருஷம் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். போன மே மாதம் கூரை ஒழுகியது, சரிசெய்யக் காசில்லை. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு பூசை முடிந்து, தபால்தலைச் சந்தை கூடும் பிளாசா மயோர் சதுக்கத்துக்குப் போனேன். வளைவுகளுக்குக் கீழே மேசை போட்டிருக்கும் வியாபாரி தோன் பல்தோமெரோ இடுக்கியால் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "மொத்தத்துக்கும் ஒரு கணவாய் மீன் வச்ச ரொட்டி வாங்கித் தரேம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "நானே வித்துக்கறேன், நீரே வந்து வாங்குவீர்!" என்று அவர் பக்கத்திலேயே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் நாளே ஒரு பாதிரியார் கப்பல் படம் போட்ட முக்கோணத் தபால்தலை ஒன்றை வாங்கினார். அந்தக் காசில் பறவைப் படம் போட்ட ஹங்கேரித் தபால்தலைகள் ஒரு கட்டு வாங்கி, தனித்தனியாக விற்றேன். ருசி கண்டுவிட்டது. உன் அத்தான் முதலில் சிரித்தார். பிறகு அவரே பழைய உறைகளைச் சூப்புக் கிண்ணத்தில் ஊறவைத்துத் தபால்தலைகளைப் பிரிக்க ஆரம்பித்தார். ஒருநாள் சேமியா சூப்பில் பெல்ஜிய ராஜா மிதந்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாரே தவிர, ராஜாவை எடுத்துத் துடைத்துக் காயவைத்துவிட்டார்.

அப்புறம்தான் உன் ஆல்பத்திலிருந்த ஆரஞ்சு நிறக் கலங்கரை விளக்கத் தபால்தலைக்கு வந்தேன். பல்தோமெரோ அதைத் திருப்பிப் பார்த்து, "பின்னாடி பென்சில் கிறுக்கல், பாதி விலைதான்" என்றார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதால் படிக்க முடியவில்லை, அவருக்கே கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மற்றதில் என்ன கிறுக்கியிருக்கிறாய் என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். "பல் பிடுங்கினப்ப அழாததுக்கு அப்பா குடுத்தது." "டீச்சருக்குக் கரி சுமந்ததுக்கு." "அக்காவுக்குக் காய்ச்சல். அவ ரொட்டியும் எனக்கே." எல்லாம் உன் கோணல் எழுத்து. அப்பாவின் இருமல் பக்கத்து அறையில் கேட்பது போலவே இருந்தது. அடுப்பில் கொண்டைக்கடலை கருகும்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒன்றைக்கூட விற்க மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு போய், "என் கலங்கரை விளக்கத்தத் திருப்பிக் குடுத்துடும்" என்றேன்.

"மூணு மடங்கு ஆகும்மா."

"போன வாரம் பாதி விலைன்னீரே!"

"அது நான் வாங்கற விலை. இது விக்கற விலை."

பேரம் படியவில்லை. என் பறவைகள் அத்தனையையும் அவர் மேசையில் கொட்டினேன். அவர் கலங்கரை விளக்கத்தை எடுத்துப் பின்பக்கத்தைச் சதுக்கமே கேட்கும்படி படித்தார்: "இது பிரிமியோடது. நான் திருடினேன். பெரியவனானதும் திருப்பிக் குடுக்கணும்."

எவாரிஸ்தோ! சின்ன வயதில் அது காணாமல் போனதற்காக நான் மூன்று நாள் அழுதேன். நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு என்னோடு கட்டிலுக்கடியில் தேடினாய், திருட்டுப் பயலே! சதுக்கம் சிரித்தது. பல்தோமெரோ, "பாவம் தம்பி, சொன்ன வாக்கக் காப்பாத்திட்டாரு" என்றார். ஆனாலும் ஒரு பறவையைக்கூடத் திருப்பித் தரவில்லை. வழியெல்லாம் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் ஒருமுறை குனிந்து பார்த்தேன். எதற்கென்று கேட்காதே.

நான் உன்னை மன்னித்துவிட்டேன், நீயும் என்னை மன்னித்துவிடு. வியாபாரத்தைத் தலைமுழுகிவிட்டேன். கலங்கரை விளக்கம் இனி என் உயிர் உள்ளவரை வீட்டைவிட்டு வெளியே போகாது. குழந்தைகளுக்கு என் முத்தங்கள். ஒருமுறையாவது வந்து முகத்தைக் காட்டு.

உன் அக்கா,
பிரிமித்திவா

பின்குறிப்பு: மேலே உள்ளது வியாழக்கிழமை எழுதியது. இன்று ஞாயிறு. கலங்கரை விளக்கத்தைச் சும்மா காட்டுவதற்காகத்தான் சதுக்கத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு கிழவர் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டார். அவரும் அக்காவிடம் திருடியவராம். என்னுடைய பொருள்தானே, உன்னைக் கேட்க வேண்டியதில்லை. உடனே இருபது அர்ஜென்டினாத் தபால்தலைகள் அனுப்பு. ஒவ்வொன்றின் பின்னாலும் என்னிடம் வேறு என்னென்ன திருடினாய் என்று பென்சிலால் எழுது. எழுத்து கோணலாக இருக்கட்டும்.